போட்டு வாறன், மிஸ்

மண்டபத்தின் பின்கதவைச் சாத்திவிட்டு ஹை ரோட்டில் இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகும் மேளத்தின் அதிர்வு என் அடிவயிற்றை விட்டுப் போகவில்லை. பெரிய மேளம் காதில் கேட்பதைவிட வயிற்றில் கேட்பதுதான் அதிகம் என்பது அதை அடித்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை, வெயில் இன்னும் தெருவில் கிடந்தது, மாலையில் அதே மண்டபத்தில் எங்கள் பள்ளி பேண்டின் கச்சேரி. என்னோடு வாசித்தவர்கள் எல்லாரும் உள்ளே சாண்ட்விச் தின்றபடி காத்திருக்க, நான் மட்டும் அம்மாவின் பெட்டியைத் தூக்குவதற்காகச் லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் இருந்த மாமா வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் எனக்கு அன்றோடு முடிந்தது, பரீட்சை எழுதவில்லை.

அம்மாவும் நானும் மாமா வீட்டின் ‘பொக்ஸ் றூமில்’ இருந்தோம். ஒரு கட்டிலும் இரண்டு பெட்டிகளும் வைத்தால் கதவு முழுதாகத் திறக்காத அறை அது. அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்து வந்தார். மணிக்கட்டு வீங்கிக் கை வேலைக்கு ஆகாமல் போனதும் வேலையும் போனது. மாமா கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருந்தன. கடைசியில் அவரே ஒழுங்கு செய்தார்: அம்மா லெஸ்டரில் இருக்கும் சின்னம்மாவிடம் போவது, நான் அப்டன் பார்க்கில் மாமாவின் கூட்டாளி நடத்திய மரக்கறிக் கடையில் சேர்ந்து கடைக்கு மேலேயே படுத்துக்கொள்வது. அம்மாவின் பஸ்ஸும் எங்கள் கச்சேரியும் ஒரே மாலையில் விழுந்தன. அந்தக் கையோடு அம்மாவால் பெட்டியைத் தூக்க முடியாது, விக்டோரியா பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று பலகையைப் படிக்கவும் வராது. யோசிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் நான் விட்டுவிட்டு வந்தது சின்ன விஷயமில்லை. எங்கள் பேண்ட் மாஸ்டர் காலால் தரையைத் தட்டி, ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ணித்தான் வாசிக்க வைப்பார், நாங்களும் அவரைப் பார்க்காமலேயே வாசித்துப் பழகியிருந்தோம். அந்த வசந்தகாலத்தில் கச்சேரிக்கென்று வெளியிலிருந்து ஒரு கண்டக்டரை அழைத்திருந்தார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார்.

“கண்டக்டரோ? டிக்கெட் கிழிக்கிறவரோ?”

“இல்லையம்மா, பேண்டை நடத்துறவ. பொம்பிளை.”

“எங்கடை ஊர்க் கண்டக்டர், ஆள் ஓடி வாறதைக் கண்டாத்தான் கெதியா ‘றைற்’ எண்டுவான். ஒரு நாளும் எனக்காக பஸ்ஸை மறிச்சு வைச்சதில்லை.”

“உவன் மேளமடிக்கவே லண்டனுக்கு வந்தவன்?” என்றார் மாமா, தேநீர்க் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அந்தக் கண்டக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சனிக்கிழமைகளில் வடக்கிலிருந்து ரயிலில் வருவார், மடித்த குடைக்குள் பேண்டை நடத்தும் தன் குச்சியைச் செருகிக்கொண்டு. பெயர்களைப் பழக அவருக்கு நேரமில்லை, ஆகவே எல்லாரையும் வாத்தியத்தின் பெயராலேயே கூப்பிட்டார். கிளாரினெட், மெதுவாக. ஹார்ன், இன்னும். நான் பாஸ் டிரம். வகுப்பில் டாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியர்கள் என் பெயரின் இரண்டாவது எழுத்தில் நின்று தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள், நானே கையை உயர்த்தி அவர்களைக் காப்பாற்றுவேன். பாஸ் டிரம் என்ற பெயரில் யாரும் இடறி நின்றதில்லை.

அவர் எண்ணவுமில்லை, காலைத் தட்டவுமில்லை. குச்சியை உயர்த்தி மூச்சை உள்ளே இழுப்பார், அந்த மூச்சு முடிகிற இடத்தில் நாங்கள் வாசிப்புக்குள் விழவேண்டும். அவர் தெரிந்தெடுத்த பாட்டு என் மேளத்தின் ஒற்றை அடியோடுதான் தொடங்கும், மிக மெல்லிய அடி. பிறகு எனக்கு நெடுநேரம் வேலையில்லை. அந்த இடைவெளியை நான் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன், அம்மா செலவுக் கணக்குப் பார்ப்பதுபோல. ஒரு நாள் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, உன் கை என்ன செய்கிறது என்று கேட்டார்.

“கும்பிடுகிறான், மிஸ்,” என்றான் டிரம்பெட் வாசித்தவன். பேண்ட் முழுவதும் சிரித்தது.

நான் சொல்லிக் காட்டினேன். அவர் தன் பெருவிரலைத் தன் கணுக்களில் வைத்துச் சின்னவிரல் வரை போய்ப் பார்த்தார். நீங்கள் எல்லாரும் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு எண்ணுகிறீர்கள், இவன் என்னைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறான் என்றார். பிறகு என்னிடம், நீ தொடங்கினால்தான் நாங்கள் தொடங்கலாம் என்றார். அதற்கு முன் நான் தொடங்கவேண்டுமென்று யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை கடைசி ஒத்திகை முடிந்ததும் மேளக்கோலைக் கவிதாவிடம் கொடுத்தேன். ஜால்ரா அடித்தவள் அவள், மலேசியத் தமிழர் வீட்டுப் பெண்.

“இரவைக்கு நீ அடி. எனக்கு ஏலாது.”

“விளையாடறியா? மிஸ்கிட்ட சொன்னியா?”

“சொல்லுறன்.”

மிஸ் மேடையோரத்தில் உட்கார்ந்து, வாழைப்பழத்தைத் தின்றபடி இசைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பஸ், பெட்டி, அம்மாவின் கை, மாமா எல்லாவற்றையும் சொல்லத்தான் போனேன். அதற்கான இங்கிலீஷ் அப்போது என்னிடம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. முடுக்குக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூட, “போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று அம்மா வாசலில் மறித்துக்கொண்டு நிற்பார். நானும் மரியாதையாக விடைபெறுகிறேன் என்று நினைத்து, போய்விட்டு வருகிறேன் என்ற அந்தச் சொல்லை அப்படியே இங்கிலீஷில் ஆக்கினேன்.

“ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங், மிஸ்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பெருவிரலை உயர்த்திக் காட்டினார். சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு பின்கதவால் வெளியே வந்தேன்.

விக்டோரியாவில் சாரதி அம்மாவின் பெட்டியை வாங்கி பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளினார். அம்மா வீங்கிய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

“நேரத்துக்குச் சாப்பிடு தம்பி. உன்ரை மேளம் இண்டைக்கு ஆர் அடிக்கினம்?”

“வேறை ஆள் இருக்கு.”

“உனக்காகக் கொஞ்சம் நிக்கமாட்டினமோ?”

“கண்டக்டர் ஆருக்கம்மா நிண்டவை?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே படியில் ஏறி, “சரி, போட்டு வாறன்” என்றார். அதன் பிறகு அம்மா லண்டனில் வந்து இருக்கவேயில்லை. கலியாணவீடுகளுக்கு வருவார், அடுத்த பஸ்ஸில் திரும்புவார். லெஸ்டரிலேயே முடிந்தும் போனார்.

நானும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெற்றோல் அடிக்கும் செட், கோழிப் பொரியல் கடை, பார்சல் வான் என்று ஊர் ஊராகப் போயிருக்கிறேன். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், மரக்கறிக் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். பள்ளி மண்டபத்தை இடித்துவிட்டார்கள், புதிய கட்டிடத்தின் வாசலில் நின்ற காவலாளிக்கு இங்கே பேண்ட் ஒன்று இருந்ததே தெரியவில்லை. அந்தப் பெரிய மேளம் எங்கே போனதோ.

அம்மாவை பஸ் ஏற்றிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் வேலைக்கு நின்றேன். கடைக்கார அண்ணை முதலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கக் காட்டித் தந்தார், பிறகு வெங்காய மூட்டைகளை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னார்: “இஞ்ச பார் தம்பி, ஆர் வந்தாலும், ஒண்டும் வாங்காட்டிலும், போகேக்க ‘போட்டு வாங்கோ’ எண்டு சொல்லவேணும். அப்பதான் சனம் திரும்பி வரும்.” நானும் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குக் கிட்ட, கறிவேப்பிலை வாங்கக் கவிதா தன் தாயோடு வந்தாள். என்னையும் கையிலிருந்த வெண்டைக்காய்ப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இங்கதான் இருக்கியா? நேத்து மிஸ் உனக்காக நின்னாங்கடா.”

“நீ அடிப்பாய் எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னேன். நம்பவே இல்ல. ‘இல்ல, போயிட்டு வர்றேன்னு என்கிட்டயே சொன்னான்’னு சொல்லிட்டாங்க. ஹால் ஃபுல்லா ஆளுங்க. குச்சிய இறக்கிட்டு அந்தப் பின்கதவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஹெட் டீச்சர் வந்து காதுல ஏதோ சொன்னார், அப்பவும் தொடங்கல. யாரோ கைதட்டிக் கேலி பண்ணாங்க, அப்பவும் நின்னாங்க.”

“பிறகு?”

“அப்புறம் நான்தான் அடிச்சேன். சத்தமா அடிச்சுத் தொலைச்சிட்டேன்.”

“மிஸ் இப்ப எங்க?”

“நேத்தே ட்ரெய்ன் ஏறிட்டாங்க.”

கறிவேப்பிலையை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். “தம்பி, ஆக்கள் போகினம் எல்லே! என்ன சொல்லச் சொன்னனான்?” என்று உள்ளேயிருந்து அண்ணை சத்தம் போட்டார். நான் அதை மறந்து சொல்லாமல் விடவில்லை. குனிந்து அடுத்த வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன்.