வாய் கொப்பளிக்கும் கல்

திண்டிவனம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருந்த அந்த மல்லாட்டை மில்லில் பெண்கள் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அது வீரம்மாளின் நாற்காலி.

மற்ற பெண்கள் தரையில் குந்தி, இயந்திரம் தொலி நீக்கித் தள்ளும் வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் பரப்பி, சொத்தையையும் கல்லையும் பொறுக்குவார்கள். வீரம்மாளும் அப்படிக் குந்தி முழங்கால் தேய்ந்தவள்தான். விக்கிரவாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கண்ணையன் இதே மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது அடுக்கு சரிந்து, அதன் அடியிலேயே உயிரை விட்டான். பிள்ளை இல்லை. கொழுந்தன் பாண்டுரங்கன் வீட்டில் அவளுக்கு மாட்டுக் கொட்டகையோரம் ஒரு பாயும், எல்லோரும் குடித்த பிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேப்பைக் கூழும் கிடைத்தன. நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்கள் அவள் எதிரே வந்துவிட்டால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். அந்த அவமானம் தாங்காமல் ஒருநாள் அவளே கிளம்பி வந்து மில் வாசலில் நின்றாள்.

"எம் புருசன் செத்த எடத்துல எனக்கு ஒரு வேலை குடுங்க."

கொடுத்தார்கள்.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் கேட்டருகே வரிசையாக நின்று மடியை உதற வேண்டும். பிறகு ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்து, அங்கே கிடந்த கருங்கல்லின் மேல் துப்ப வேண்டும். பருப்பு தின்ற வாய் என்றால் கல்லில் பால் போல வெள்ளை விழும். பகல் முழுவதும் பசித்த வயிற்றோடு பருப்புக் குவியலின் நடுவே உட்கார்ந்திருந்தாலும் ஒரு பருப்பு உள்ளே போகக் கூடாது. முதலில் இந்தச் சோதனையை ஓர் ஆண் வாட்ச்மேன்தான் செய்துவந்தான். மடி உதறும் இடத்தில் அவன் கை நீண்டது. பெண்கள் துடைப்பத்தைத் தூக்கினார்கள். கலவரமாகிவிடும் என்று பயந்த மேனேஜர் சக்கரபாணி, வேலையைப் பெண்ணுக்கே கொடுத்து, மாதச் சம்பளமும் போட்டு, வீரம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

அந்த நாற்காலி அவளுடைய தலையெழுத்தையே மாற்றியது. மாட்டுக் கொட்டகையோரம் அவளைப் படுக்க வைத்த பாண்டுரங்கன் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தான்.

"அண்ணி, ஊட்ல கல்யாணம். நீங்க வந்து முன்னால நிக்கணும்."

"நான் முன்னால நின்னா ஆவாதுன்னு சொன்னது யாரு தம்பி?"

"அது அந்தக் காலம் அண்ணி. இப்ப நீங்க மில்லு அம்மாவாச்சே! அப்படியே எம் மச்சினிக்கு அங்க ஒரு எடம் பாத்து வுடுங்க."

வீரம்மாள் போனாள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அன்று அவள் விட்ட கண்ணீரில் சந்தோஷமும் இருந்தது, கண்ணையனும் இருந்தான்.

ஆனால் அந்த நாற்காலியோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கு மில் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்றது சட்டம். அதைக் கொடுக்காமலிருக்க மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "எவளாவது முழுவாம இருந்தா எனக்கு ஜல்தியா தெரியணும் வீரம்மா. வயிறு தெரியறதுக்கு முன்னாடி தெரியணும்." தெரிந்த மறுநாளே அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. அஞ்சம்மாளை அப்படித்தான் வீரம்மாள் காட்டிக்கொடுத்தாள். பிள்ளை பெற்று, பால் மறக்கடித்த பிறகு, பழைய ஆளான அஞ்சம்மாள் புது ஆளாக வந்து தரையில் குந்தினாள். வீரம்மாளிடம் அவள் அதன் பிறகு பேசியதே இல்லை.

மனம்விட்டுப் பேசியவள் சின்னபொண்ணு ஒருத்திதான். அவளும் விக்கிரவாண்டிக்காரி. புருஷன் நடராசன் லாரி கிளீனர். ஒரு லோடோடு வடக்கே போனவன் திரும்பவில்லை. வீரம்மாள்தான் அவளை மில்லில் சேர்த்துவிட்டாள். வரிசையில் அவள் முறை வந்தால் எல்லோரும் சிரிக்கக் காத்திருப்பார்கள்.

"அக்கா, நாக்க நீட்டட்டா? பல்ல எண்ணிக்கினு உடறியா?"

"எண்ண வேணாண்டி. உன் வாய் ஒண்ணே நாலு பேருக்குக் காணும். துப்பு, துப்பு."

அறுபத்து நான்காம் வருஷத்துச் சித்திரையில் ஒரு மாலை சின்னபொண்ணு சிரிக்காமல் வந்து நின்றாள். மேனேஜர் அன்று நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பருப்பு எடை குறைகிறது என்று முதலாளி சத்தம் போட்டிருந்தார். சின்னபொண்ணு தண்ணீரை வாங்கினாள். வாயில் வெகுநேரம் வைத்திருந்தாள். வீரம்மாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து துப்பினாள்.

கல்லின் மேல் வெள்ளை பரவியது.

வீரம்மாளின் கால் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பக்கத்து வாளியைக் காலால் தட்டிவிட்டிருந்தால் அந்த வெள்ளை ஓடியே போயிருக்கும். கிழவிகள் சிலருக்காக முன்பு அப்படிச் செய்திருக்கிறாள். ஆனால் பின்னால் மேனேஜரின் மூச்சு கேட்டது. நாற்காலி ஆடுவது போல இருந்தது. கொட்டகையோரத்துப் பாய் கண்ணில் வந்தது.

"வெள்ளைங்க" என்றாள்.

"இன்னாடி தின்ன?" என்று மேனேஜர் கத்தினார்.

சின்னபொண்ணு தலையைத் தூக்கவில்லை. "மல்லாட்டைதாங்க. ஒரு வா தின்னுட்டேன். பசிங்க. மன்னிச்சிடுங்க."

முதல் தடவை தின்றவளை நாலைந்து நாள் நிறுத்தி வைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு அது நடக்கவில்லை. முதலாளியின் கோபம் மேனேஜரின் முதுகில் இருந்தது. அவர் சின்னபொண்ணுவைக் கேட்டிலேயே நிற்க வைத்தார். வெளியே போன ஒவ்வொரு பெண்ணும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றார். கடைசிப் பெண்ணும் போன பிறகு, "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார்.

"அக்கா…" என்றாள் சின்னபொண்ணு.

வீரம்மாள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆனி கடைசியில் விக்கிரவாண்டியிலிருந்து வந்த லாரிக்காரன் ஒருவன் சேதி சொன்னான். ரோடு போடுகிற இடத்தில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த சின்னபொண்ணு கூடையோடு விழுந்துவிட்டாளாம். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்களாம். குறைமாசமாம்.

"எது குறைமாசம்?" என்று கேட்டாள் வீரம்மாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இடமில்லாமல் தரையில் படுத்திருந்தாள் சின்னபொண்ணு. பக்கத்தில் குழந்தை இல்லை. வீரம்மாள் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"பொட்டப் புள்ளக்கா. கையில கூட குடுக்கல."

"அப்பவே முழுவாம இருந்தியாடி? மில்லுல இருக்கறப்பவே?"

"நாலாவது மாசம். அவரு வடக்க போறதுக்கு முன்னால தங்கினது."

"பாவி, மாசமா இருக்கற வயித்துக்குள்ள அந்த எழவு மல்லாட்டைய ஏண்டி திருடித் தின்ன? எங்கிட்ட கேட்டிருந்தா சோறு போட மாட்டனா?"

சின்னபொண்ணு முந்தானை முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள். உள்ளே உடைந்த நாமக்கட்டி இருந்தது. நெற்றியில் நாமம் போட வைத்திருப்பார்களே, அந்த வெள்ளை மண் கட்டி. அதில் பல் பதிந்திருந்தது.

"மசக்கை. இத்தத் தின்னாம இருக்க முடியலக்கா. வாயில தண்ணி வெச்சிக்கினு எவ்ளோ கொப்பளிச்சேன் தெரியுமா? போகவே இல்ல."

"அத்தச் சொல்றதுக்கு இன்னா? நான் திருடலேன்னு சொல்றதுக்கு இன்னா?"

"நாமக்கட்டி தின்னேன்னா மாசமா இருக்கறது தெரிஞ்சிடுமே. திருடின்னா நாலு நாள் நிறுத்துவாங்க. மாசம்னா தொரத்திடுவாங்க. அதான் திருடின்னு ஒத்துக்கினேன்."

"எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேடி!"

சின்னபொண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் வீரம்மாள் தாங்கியிருப்பாள்.

"அஞ்சம்மா உங்கிட்ட தனியாத்தானக்கா சொன்னா? உன்ன ஒண்ணும் சொல்லலக்கா. அந்த நாற்காலியில நான் ஒக்காந்திருந்தாலும் 'வெள்ளை'ன்னுதான் சொல்லியிருப்பேன். நீ வேலைய வுட்டுட்டு எங்க போவ?"

மறுநாள் மாலை சங்கு ஊதியது. மேனேஜர் கேட்டருகே வந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். வீரம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. சின்னபொண்ணுவிடம் வாங்கி முந்தானையில் முடிந்து வந்திருந்த நாமக்கட்டியை எடுத்து வாயில் போட்டு எல்லோரும் பார்க்க மென்றாள். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். கருங்கல்லில் துப்பினாள்.

வெள்ளை பரவியது.

"பாத்துக்கோங்க, இதுவும் வெள்ளைதான். அவ திருடலிங்க. மாசமா இருந்தா. நாமக்கட்டி தின்னா. அவள திருடின்னு நிக்க வெச்சது நான்தான். அவளுக்கு வேலையத் திருப்பிக் குடுங்க சாமி. காலுல வுழுறேன்."

விழவும் செய்தாள். மேனேஜர் ஓர் அடி பின்வாங்கி வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். அவர் குரலில் கோபம் கூட இல்லை.

"மாசமா இருந்தான்னா அன்னிக்கே போயிருக்க வேண்டியவதானே? எப்படியும் போனவதானே? இன்னா பேஜாரு பண்ற? எழுந்து ஒக்காரு. வரிசை நிக்குது பாரு."

வீரம்மாள் எழுந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதில் உட்காராமல் நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றாள். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வரிசையில் கண்ணை ஓட்டினார்.

"அஞ்சம்மா, நீ வா. ஒக்காரு."

அஞ்சம்மாள் தயங்கினாள். வீட்டில் இருந்த பிள்ளையை நினைத்தாளோ என்னவோ, போய் உட்கார்ந்தாள்.

பாண்டுரங்கன் அதற்குப் பிறகு பஸ் ஏறி வரவில்லை. சின்னபொண்ணுவும் ரோட்டு வேலையோடு எந்தெந்த ஊருக்கோ போய்விட்டாள். வீரம்மாள் தன் கடைசிக் காலம் வரையில் அதே மில்லில் தரையில் குந்திப் பருப்பு பொறுக்கினாள். உயிர் இருக்கிற வரையில் வயிறும் இருக்கிறதே!

நாற்காலியை விட்டு வரிசையில் நின்ற அந்த முதல் மாலை, வீரம்மாளின் முறை வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அஞ்சம்மாள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"துப்பு" என்றாள் அஞ்சம்மாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் வீரம்மாளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

வீரம்மாள் துப்பினாள். வாயில் நாமக்கட்டியின் ருசி இன்னும் போகவில்லை.

அஞ்சம்மாள் கல்லைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த வாளியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பாமலே மேனேஜரிடம் சொன்னாள்.

"வெள்ளைங்க."