ஓரத்து விதைகள்

சூரியகாந்தி ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். செடியின் உயரம், தண்டின் பருமன், பூவின் அகலம், எல்லாம் அவர் அளந்தால்தான் அளவு. வீட்டிலும் கை சும்மா இருக்காது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைக்கூட, "உசரம் போதும், கழுத்துதான் மெலிசு, காத்துக்குத் தாங்காது" என்று திருப்பி அனுப்பிய மகானுபாவர்.

அவரே ஒட்டுச் சேர்த்து வளர்த்த ரகம் ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். பூவோ சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கூட அவர் அப்படிப் பல்லைக் காட்டியதில்லை. அதில் ஒரே ஒரு சின்னக் குறை: எண்ணெய் போதாது. சூரியகாந்திக்கு எண்ணெயா முக்கியம், பார்க்க லட்சணமாக இருந்தால் போதாதா? மேலதிகாரிக்குத்தான் அந்த ரசனை இல்லை. இந்த அறுவடையிலும் நூற்றுக்கு நாற்பது எண்ணெய் வராவிட்டால் அந்த ரகத்தைப் பண்ணையை விட்டே தூக்கிவிடுவதாகக் கறாராகச் சொல்லிவிட்டார்.

எண்ணெய் சோதிக்கும் அறையில் இருப்பது யார்? அவர் வீட்டுக்காரியேதான். அப்புறம் என்ன கவலை என்று விதைப் பொட்டலத்தோடு மிடுக்காகப் போனார்.

அவள் விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். அத்தனையும் கொழுகொழுவென்று ஒரே பருமன்.

"என்னங்க, எல்லாம் பூவோட ஓரத்து விதையா இருக்கு? நடுவுல உள்ளது எங்க?"

"நடுவுல பாதி பருப்பில்லாத பொக்கு. அது எதுக்கு உனக்கு?"

"விவசாயி ஓரத்த மட்டுமா அறுப்பான்?"

"கட்டின புருஷனுக்கு இந்த ஒத்தாசகூட செய்ய மாட்டியா?"

"புருஷனுக்குச் சோறு போடுவேன். விதைக்குள்ள எண்ணெய் போட முடியாது. முழுப் பூவாக் கொண்டாங்க."

விறுவிறுவென்று போனவர், பூக்களை அள்ளிவந்து மேசையில் தொப்பென்று போட்டார். "நீயே உதிர்த்துக்க!"

அவள் ஓரம், நடு என்று பார்க்காமல் உதிர்த்துக் கலந்து சோதித்தாள். இயந்திரம் முப்பத்துநான்கு என்றது. அந்த இயந்திரத்துக்கும் அவருக்கும் என்ன பகையோ! மறுபடி வைக்கச் சொன்னார். வைத்தாள். மறுபடியும் அதேதான்.

"எழுதட்டுங்களா?"

அவர் மேசையில் கிடந்த பூ ஒன்றை எடுத்து, அகலத்தைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு வைத்தார்.

"எழுது" என்றார்.

சாயங்காலம் வீட்டுப் படியில் உம்மென்று உட்கார்ந்திருந்தவரிடம் டீயை நீட்டிவிட்டு, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உசரத்துல அத அடிச்சிக்க ஆளில்ல" என்றார்.

"யாரு இல்லேன்னது? தண்டு விறகுக்கு அருமையா ஆகும்."

'அளவுகோல்' டீயைக் குடித்துக்கொண்டே, எத்தனை கட்டு தேறும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.