ஒரு தொழிலுக்கு ஒரு கதிரை

எனக்கு வேண்டாத ஒரு வேலை, என் சிநேகிதிக்கும் கிடைக்கக் கூடாது என்று நான் ஏன் நினைத்தேன்?

இரண்டு கிழமையாக இதே கேள்வி. மகளுக்குப் பால் ஆற்றும்போதும், அம்பிட்டிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கும்போதும். வாய் தவறி வந்துவிட்டது என்று என்னை நானே காப்பாற்றிப் பார்க்கிறேன். இல்லை... வாய் தவறவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்யாணப் பதிவு — எல்லாவற்றையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திக் கொடுப்பது தொழில். மகள் பிறந்த பிறகு இரண்டு வருடம் அந்த முத்திரை மேசை லாச்சிக்குள் தூங்கியது. மறுபடி யார் என்னைத் தேடி வரப்போகிறார்கள் என்ற பயத்தில்தான் கண்டியில் ஒரு தொழில் வட்டத்தில் சேர்ந்தேன். புதன்கிழமைகளில், காலை ஏழு மணிக்கு, ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூடுவோம். முப்பது பேர். பல் டொக்டர், இன்சூரன்ஸ்காரர், அச்சகக்காரர், வேன் வாடகைக்கு விடுபவர், கேக் செய்பவர்... ஆளுக்கு ஒரு நிமிடம். எழுந்து நின்று தொழிலைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்க வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது, நல்ல மனிதர்கள். என் மகளின் பல்லைப் போயா விடுமுறை நாளில் கடை... மன்னிக்கவும், கிளினிக் திறந்து பார்த்தவர் அந்தப் பல் டொக்டர்தான்.

ஆனால் அங்கே இரண்டு சட்டம் உண்டு. ஒரு தொழிலுக்கு ஒரு கதிரைதான். நான் இருக்கும்வரை இன்னொரு மொழிபெயர்ப்பாளர் சேர முடியாது. அடுத்தது — தொடர்ந்து மூன்று புதன் வராவிட்டால் அந்தக் கதிரை போய்விடும். வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம்.

மகளுக்கு அம்மை போட்டதைப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? வேப்பிலை தொடங்கி இளநீர் வரை நீங்கள் அனுப்பிய ஆலோசனைகளுக்கு நன்றி. அப்போது நான் எழுதாமல் விட்ட பகுதி இதுதான்.

ஏற்கனவே இரண்டு புதன் போகவில்லை. ஒன்று என் காய்ச்சல். மற்றது மாமியாரின் கண் ஒபரேஷன். மூன்றாவது புதனுக்கு முதல் நாள் மகளின் முதுகில் கொப்புளம். யாரை அனுப்புவது? கணவரையா? நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே அவருக்கு வியர்க்கும்.

அப்போதுதான் தர்ஷினியின் ஞாபகம் வந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

தர்ஷினி யாழ்ப்பாணத்தவள். கணவருக்கு இங்கே இடமாற்றம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்கையையும் கூட்டி வந்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகள் ஒரே முன்பள்ளி. அவளும் மொழிபெயர்ப்பாளர்தான் — என்னைவிட அனுபவம் கூடியவள். ஆனால் கண்டியில் அவளை யாருக்குத் தெரியும்? எட்டு மாதமாக ஒரு வேலையும் இல்லை. "நர்சரி கேட்டில நிக்கிறதுதான் இப்ப என்ர உத்தியோகம்" என்பாள்.

"ஒரே ஒரு புதன்தான் தர்ஷினி. என் கதிரையில உட்கார்ந்துட்டு வந்தா போதும்" என்றேன்.

"ஓம், போறன். உங்கட பெயரைச் சொல்லித்தான் கதைப்பன். பயப்பிடாதேங்கோ" என்று சிரித்தாள்.

நான் பயப்படவில்லை. அன்றைக்கு.

அவள் என்ன பேசினாள் என்பதைப் பிறகு நான்கு பேர் எனக்குச் சொன்னார்கள். "உங்கட பிறப்புச் சான்றிதழ் எங்கட கைக்கு வந்தா, உங்கட உண்மையான வயசு எங்களுக்குத் தெரிஞ்சிடும். ஆனா நாங்கள் சத்தியம் செய்த ஆக்கள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்!" இதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னாளாம். மண்டபம் மூன்று தரம் சிரித்ததாம்.

ஒரு வருடமாக அங்கே பேசுகிறேன். என் ஒரு நிமிடத்துக்கு ஒருவரும் சிரித்ததில்லை.

அம்மை இறங்கி முடிய இன்னொரு புதனும் போனது. அன்றும் அவள்தான் போனாள். நான் திரும்பிப் போன காலையில், கேக் செய்பவர் வாசலிலேயே கேட்டார்: "அந்த மிஸ் இன்டைக்கு வரல்லையா?"

நான் வந்து நிற்கிறேனே!

இரண்டு நாள் கழித்து நவாஸ் நானா போன் எடுத்தார். திகனவில் டைல் கடை வைத்திருப்பவர். எங்கள் வட்டத்தின் தலைவர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் நானா.

"தங்கச்சி, பிலிமத்தலாவையில என்ட கூட்டாளிட ஃபெக்டரி ஒன்டு ஈக்கி. மூணு பாஷையும் தெரிஞ்ச ஆள் வேணுமாம். கிழமைக்கு அஞ்சு நாளும் அங்கயே ஈக்கணும். ஒங்களுக்கு ஏலாதே, புள்ள சின்னது."

"ஏலாது நானா."

"தெரியும். அந்த யாழ்ப்பாணத் தங்கச்சிட நம்பர அனுப்புங்களேன்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். மறுபடி மூடினேன்.

"அவங்க ஊருக்கே திரும்பிப் போகப் போறாங்க போல நானா..."

"அப்பிடியா? சரி, வேற ஆளப் பாப்பம்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள். அவள் அந்த வேலைக்குப் போயிருந்தால், புதன்கிழமைகளில் என் கதிரைப் பக்கமே வந்திருக்க மாட்டாள். என் கதிரைக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறு உண்டா? அந்தக் கணக்குக்கூட எனக்கு வரவில்லை. அவள் பேச்சுக்கு மண்டபமே சிரித்ததாமே — அது மட்டும்தான் காதில் நின்றது.

தொழில் வட்டங்களில் "அறிமுகம் செய்து வையுங்கள்" என்று ஓயாமல் சொல்லித் தருகிறார்கள். அறிமுகம் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றும் நடக்காது. சத்தம் வராது. இழந்தவருக்குத் தான் இழந்ததே தெரியாது. அதுதான் பயங்கரம்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, முன்பள்ளி வாசலில் தர்ஷினி கேட்டாள்.

"என்னப்பா, உங்கட ஆக்கள் ஒருத்தரும் என்னைத் தேடேல்லையோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"இந்த நர்சரித் தவணை முடிய, தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நான் அம்மாவிட்ட போயிடுவன். அவர் மட்டும் இங்க நிக்கட்டும். சும்மா இருக்க எனக்கு விசர் பிடிக்குது. பிள்ளைதான் பாவம், அப்பா இல்லாமல் நித்திரை கொள்ளாது."

நான் சொன்ன பொய், என் கண் முன்னாலேயே உண்மையாகிக்கொண்டிருந்தது.

அந்தப் புதன், கூட்டம் முடிந்ததும் நவாஸ் நானாவின் பின்னாலேயே வாகனம் நிறுத்துமிடம் வரை போனேன். மழை. குடையை மேலே மறந்து வைத்துவிட்டேன்.

"நானா, அன்னைக்கு நான் சொன்னது பொய். தர்ஷினி எங்கயும் போகல. நம்பர் தர எனக்கு மனசு வரல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க வேற ஆளப் பேசிட்டாங்களே தங்கச்சி..." என்று சாவியை உருட்டினார். "இன்னும் கடிதம் குடுக்கல்ல போல. கேட்டுப் பாக்கிறன்."

காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏன் இவ்வளவு சுணக்கம் என்டு அவ கேட்டா? எனக்கு மறந்து போச்சி என்டு சொல்லவா?"

வேண்டாம், நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

ஆக, ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொன்றுக்குச் சம்மதித்துவிட்டு வந்தேன்.

மறுநாளே தர்ஷினிக்கு அழைப்பு வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை நேர்முகத் தேர்வு. வெள்ளிக்கிழமை காலை வாசலில் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். கையில் பருத்தித்துறை வடைப் பார்சல்.

"தலைவர் மறந்து போனாராம். நீங்கள்தான் ஞாபகப்படுத்தினீங்களாம்! இன்னொராளையும் கூப்பிட்டிருக்கினம், அவவுக்குத்தான் முதல்ல சொல்லி வச்சவையாம். கிடைக்குதோ இல்லையோ... கண்டியில எனக்கெண்டு ஒரு ஆள் இருக்கிறா எண்டு அம்மாவுக்குச் சொன்னனான்."

நவாஸ் நானா என்னைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. நல்ல பெயரும் வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் என்ன செய்தேன்? வடையை வாங்கிக்கொண்டேன். "கட்டாயம் கிடைக்கும்" என்று வாழ்த்தினேன்.

கணவரிடம் சொன்னேன். "வேலை கெடைச்சா விட்டுரு. கெடைக்காட்டி சொல்லு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்தது, செவ்வாய்க்கிழமை யாரைத் தெரிவு செய்கிறார்கள் என்பதை வைத்தா சரியாகவோ பிழையாகவோ ஆகும்?

செவ்வாய்க்கு முன் சொன்னால், உடைந்த மனதோடு தேர்வுக்குப் போவாள். பின்னர் சொன்னால்... வேலை கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளை நான்தான் எடுத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமலே இருந்தால், தினமும் அந்த வாசலில் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எப்படி வாங்குவது?

இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கு வருவதில்லை. வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். வந்தால் நல்லதென்றும் படுகிறது. சே, அதுவும் கோழைத்தனம்தான்.

இம்முறை எனக்கு ஆறுதல் வேண்டாம். ஒரு நிமிடம் தர்ஷினியாக நின்று பாருங்கள். இதை என் வாயால் கேட்க விரும்புவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.