மா ஞோவின் விருந்தாளிச் சீட்டு

பேய் பிசாசுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. அதனாலேயே நான் அவற்றை நம்பியதில்லை. ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு பொருள் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு தாள் இருக்கவேண்டும். தாள் இல்லையென்றால் பொருளும் இல்லை. எங்கள் ஊரில் மைத்துனன் ஒரே ஓர் இரவு தங்க வந்தாலும், பொழுது சாய்வதற்குள் வார்டு ஆபீசில் விருந்தாளிச் சீட்டு கொடுத்தாகவேண்டும். யார், எவர் பிள்ளை, எங்கிருந்து வருகிறார், ஏன் வருகிறார் எல்லாம் எழுதவேண்டும். பேய்கள் சீட்டு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் இப்போது சொல்லப்போவதை வேறொருவர் என்னிடம் சொல்லியிருந்தால், தேநீர் ஆறுவதற்குள் ஒரு காரணம் கண்டுபிடித்து அவரை அனுப்பிவைத்திருப்பேன். நீங்களும் அப்படியே செய்யலாம், நான் வருத்தப்படமாட்டேன்.

எங்கள் ஊரைச் சாய்த்துப்போட்ட பெரும்புயலுக்கு இரண்டு வருஷம் முந்திய மழைக்காலம் அது. ரங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு மரவீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் மனைவி தனமும் இருந்தோம். அவள் கணக்கு டீச்சர். தெருவில் எல்லாரும் அவளைச் சயாமா என்பார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம், ஆணாக இருந்தால் சயா. என்னைச் சயாமா வீட்டுக்காரர் என்பார்கள். ஒரே மகன் குமரன், கப்பலில் இஞ்சினியர். அந்த வருஷம் தனத்துக்கு ஈரலில் புற்று என்று கண்டார்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அதற்கு மட்டும் தாள் எதுவும் தரவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் குமரன் விட்டுப்போன கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அதைக் காட்டி, "பையன் சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து வெளையாடுவானே, அதப் போடுங்க பாப்போம்" என்றாள்.

காடு, கோட்டை, அரக்கர்கள் எல்லாம் வரும் ஒரு விளையாட்டு. முதலில் நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கவேண்டும். திரையில் வந்தது சாட்சாத் ஒரு படிவம். பெயர், குலம், பாலினம், வயது, தொழில் என்று கட்டங்கள். கடைசியில் இருபது புள்ளிகளைக் கொடுத்து, பலம், புத்தி, உயிர், மந்திரம் என்று பிரித்துப் போடச் சொன்னது. எனக்கு நாற்காலி தானாகவே வசதியாகிவிட்டது. ஒரே குறை, தகப்பன் பெயர் கேட்கவில்லை. தகப்பன் பெயர் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் காரியமும் நடக்காது.

தொழில்களைப் படித்துக் காட்டினேன். வீரன், திருடன், வைத்தியக்காரி, இருள் மந்திரக்காரி.

"வைத்தியக்காரி நல்ல உத்தியோகம், தனம். யாரும் அடிக்கமாட்டாங்க."

"அடிபட்டவன் பின்னாலேயே கஞ்சிச் சட்டியத் தூக்கிக்கிட்டு நடக்கணும். அந்த உத்தியோகம் நான் பாத்தாச்சு. இருட்டு மந்திரக்காரியப் போடுங்க."

"நெத்தியில விபூதி, கையில சூனியமா?"

"விபூதி எனக்கு. சூனியம் அவளுக்கு."

பெயர் மா ஞோ என்று அடிக்கச் சொன்னாள். நிறம் குறைந்த பெண்ணைப் பர்மியர்கள் செல்லமாகக் கூப்பிடும் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுடைய சிநேகிதிகள் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அப்படிக் கூப்பிட இப்போது ஊரில் யாரும் மிச்சமில்லை.

திரையில் இருந்த படிவம் அரைகுறை என்பதால், நான் ஒரு முழுத்தாள் எடுத்துக் கோடு போட்டு மா ஞோவுக்கு முறையான படிவம் ஒன்று தயார் செய்தேன். வயது இருபத்திரண்டு. இருப்பிடம் வடக்குக் காடு. விளையாட்டு அங்கேதான் தொடங்குகிறது.

"தகப்பன் பேரு என்ன போடட்டும்?"

"உங்க பேரையே போடுங்க. நமக்குத்தான் பொண்ணு இல்லாமப் போச்சே" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே, பர்மிய வழக்கப்படி திருவுக்குப் பதில் ஊ போட்டு, ஊ சுந்தரம் என்று எழுதினேன். அடையாள அட்டை எண் கட்டம் மட்டும் காலி. என் வழக்கப்படி அதன் குறுக்கே இரண்டு சாய்கோடு போட்டு, நடுவே சுருக்கொப்பம் இட்டேன். துறைமுகத்தில் என் கோடு பிரசித்தம். கட்டத்தைக் காலியாக விட்டால் எவனாவது எதையாவது எழுதிவிடுவான்.

மின்சாரம் முறை வைத்து வரும். வந்த நேரமெல்லாம் அவள் விளையாடினாள். தலையணையில் சாய்ந்தபடி மவுஸை ஒரு பரீட்சை அட்டைமேல் வைத்து நகர்த்துவாள். நான் ஆங்கிலக் கையேட்டைப் படித்து விதி சொல்வேன். ஆட்டத்தில் ஒரு படி ஏறும்போதெல்லாம் சில புள்ளிகள் கிடைக்கும். எதிலும் கொஞ்சம் கொஞ்சம் போடவேண்டும் என்பது என் கட்சி. அவள் எல்லாவற்றையும் ஒரே மந்திரத்தை நோக்கிக் கொண்டுபோனாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த மந்திரம் அது. மந்திரக்காரி தன் உயிரையே பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குக் கொடுப்பாள். அவரை மறுநாள் விடியும்வரை சாவு தொடாது. முப்பது படி ஏறினால்தான் கிடைக்கும். ஒரே ஒரு தடவைதான் பயன்படும். பெரும்பாலோர் இதை எடுப்பதில்லை என்று கையேடு எழுதியவரே குறிப்பும் போட்டிருந்தார். அதையும் படித்துக் காட்டினேன்.

"இதுக்குப் போயி முப்பது படி ஏறணுமா? மருந்துப் புட்டி நாலு வாங்கினா வேல முடிஞ்சுது."

"எனக்குத்தான் புட்டி எதுவும் கேக்கலீங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு நான் புள்ளி விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் மா ஞோ முப்பத்தோராம் படிக்கு வந்தாள். கறுப்பு அங்கி, கையில் கோல், பார்க்கவே மிடுக்காக இருந்தாள். மந்திரத்தைச் சொல்லிப் பார்க்கலாமே என்றேன். "சமயம் வரட்டும்" என்றாள் தனம்.

கப்பல் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது, மறுநாள் காலை விமானத்தில் வருகிறேன் என்று குமரன் போன் செய்த அன்று, அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மாலை நாலு மணிக்கு டாக்டர் வந்தார். பார்த்துவிட்டு என்னை வாசல்வரை கூட்டிப்போய், "மகன் நாளைக்குத்தான் வரமுடியுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குடையை விரித்துக்கொண்டே, "இந்த ராத்திரி தாண்டாது" என்றார்.

உள்ளே வந்து, குமரன் காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவான் என்றேன்.

"நாளைக்கா?" என்றாள். "அவன் மூஞ்சியப் பாத்துட்டேன்னா போதும்" என்றாள். அவள் என்னிடம் கேட்ட எதற்கும் நான் வழி தெரியாமல் நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன்.

ஆறு மணிக்கு மழையோடு கரண்ட் போனது. மாடிவீட்டு டோ கின் மெழுகுவத்தி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கட்டிலின் வலப்பக்கம் நாற்காலியைப் போட்டு, கொசுவலையைத் தூக்கிவிட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழ இடம்தான். அங்கே நான் போவதே இல்லை, வயிறு இடிக்கும்.

அவள் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள், பர்மியில். வீட்டுக்குள் அவள் பர்மி பேசமாட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"யாருகிட்ட பேசுற, தனம்?"

"நீங்க செத்த படுங்க. கை வலிக்கும். அவ விசிறுவா."

ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. நான் தூங்கிவிட்டேன். மனைவியின் கடைசி இரவு என்று தெரிந்தும் தூங்கினேன், அதற்கு நான் என்றைக்கும் வெட்கப்படுவேன். தூக்கத்தில் முகத்தில் காற்று பட்டது. நிறுத்தாத, ஒரே சீரான காற்று. கரண்ட் வந்துவிட்டது, மின்விசிறி சுற்றுகிறது, நல்லது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்படி நினைத்துத்தான் மேலும் தூங்கினேன்.

விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. தனத்தின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, தெளிவாகவும் இருந்தது. மேலே மின்விசிறி அசையாமல் நின்றது. என் கையில் விசிறி இல்லை, மடியிலும் இல்லை, கீழேயும் விழுந்திருக்கவில்லை. கட்டிலின் இடப்பக்கம் அந்த ஒரு முழச் சந்தில், சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

டோ கின் படியிறங்கி வந்து எட்டிப்பார்த்தாள். "ராவெல்லாம் தெருவுக்கே கரண்ட் இல்ல. இந்தப் புழுக்கத்துல எப்படித் தூங்கினீங்க, ஊ சுந்தரம்?"

குமரன் ஒன்பதரைக்கு வந்தான், பையோடு, நனைந்தபடி. தனம் இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "எளச்சுப் போயிட்டியேடா" என்றாள். அவன் கப்பலில் சமையற்காரன் செய்யும் அட்டகாசங்களைச் சொன்னான். அவள் சிரித்தாள். பதினோரு மணிக்கு அவன் கையால் இரண்டு கரண்டி தண்ணீர் குடித்தாள். மூன்றாவது உள்ளே இறங்கவில்லை.

இறப்புச் சான்று எழுத வந்த டாக்டர், "சில பேர் காத்திருப்பாங்க" என்றார். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் குமரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "அம்மா ஆடினத ஒருதடவ பாக்கணும்ப்பா" என்றான். சேமித்திருந்த ஆட்டத்தைத் திறந்தான். வடக்குக் காட்டின் ஓரத்தில் மா ஞோ நின்றாள். அங்கி இல்லை, கோல் இல்லை, தொடக்கத்தில் கொடுக்கும் கோணிச் சட்டை மட்டும். படி: ஒன்று. உயிர்: ஒன்று.

"நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?"

"எனக்கு அந்த எலியப் பிடிக்கவே தெரியாது. முப்பத்தொண்ணுல இருந்தா. நானே பாத்தேன்."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "இந்த ஆட்டத்துல படி ஏறலாம்ப்பா. செத்தும் போகலாம். எறங்க முடியாது. அதுக்கு வழியே கெடையாது." பிறகு, "கரண்ட் பட்டுன்னு போனதுல ஃபைல் கெட்டிருக்கும்" என்றான். ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

பதினேழாம் நாள், அவனைக் கப்பலுக்கு வழியனுப்பிவிட்டு, வார்டு ஆபீசுக்குப் போனேன். வீட்டுப் பட்டியலிலிருந்து தனத்தின் பெயரை நீக்கவேண்டும். முன்பே போயிருக்கவேண்டியது. வாழ்க்கையில் நான் தாமதமாகச் செய்த ஒரே காரியம் அது. குமாஸ்தா கோ வின் எழுந்து நின்று துக்கம் விசாரித்தான். சிவப்பு மையால் அவள் பெயர்மேல் கோடு இழுத்தான். ஸ்கேலை நேராக வைத்தான், அந்த மட்டும் நல்ல பையன்.

பிறகு, "மக எப்படி இருக்காங்க, சயா?" என்று கேட்டான்.

"மகன். இன்னிக்குத்தான் கப்பலுக்குப் போனான்."

"அவரில்ல. சயாமாவப் பாத்துக்க வந்தாங்களே, அவங்க. சயாமா ஜாடை அப்படியே இருக்கு. உங்களுக்கு இவ்வளவு பெரிய பொண்ணு இருக்குறது எனக்குத் தெரியவே தெரியாது."

விருந்தாளிச் சீட்டுக் கட்டை எடுத்து, ஒன்றைப் பிரித்துக் காட்டினான். டாக்டர் வந்துபோன அன்றைய தேதி. பெயர் மா ஞோ. வயது இருபத்திரண்டு. தகப்பன் பெயர் ஊ சுந்தரம். இருப்பிடம் வடக்குக் காடு. தங்கும் காலம் ஓர் இரவு. காரணம், நோயாளிக்குத் துணை. அடையாள அட்டை எண் கட்டத்தில் குறுக்கே இரண்டு சாய்கோடு, நடுவே சுருக்கொப்பம். கோடு என்னுடையது. ஒப்பமும் என்னுடையது. கையெழுத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பே. வேறொருவர் போட்டதாக இருந்தால் எனக்குத் தெரியும். ஆனால் அன்று டாக்டர் போனபிறகு நான் வாசற்படி தாண்டவில்லை, பேனாவைத் தொடவும் இல்லை.

"அஞ்சரைக்கு வந்தாங்க, மூடப்போற நேரம்" என்றான் கோ வின். "கார்டு நம்பர் இல்லையேன்னு கேட்டேன். அப்பா கோடு போட்டிருக்காரேன்னு சொன்னாங்க. உங்க கோடு இருந்தா நாங்க மேல கேக்கறதில்லையே, சயா. இந்த வடக்குக் காடு எங்க இருக்கு? கச்சின் பக்கமா?"

"இன்னும் மேல" என்றேன். வேறென்ன சொல்வது?

அவன் பேனாவைத் திறந்தான். "ஒரு ராத்திரிக்குத்தான் சீட்டு. 'புறப்பட்ட தேதி' காலியாக் கெடக்கு பாருங்க. எப்பப் போனாங்கன்னு சொன்னா எழுதி முடிச்சிருவேன்."

திரையில் கோணிச் சட்டையோடு, ஓர் உயிரை வைத்துக்கொண்டு நின்றவளை நினைத்தேன். அந்த உயிரோடு அவ்வளவு தூரக் காட்டு வழியில் ஒரு பெண் தனியாக எங்கே போவாள்?

"இன்னும் போகல" என்றேன்.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் பொய் சொன்னதே இல்லை. அன்று சொன்னது பொய்யா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோ வின் பேனாவை மூடினான். சீட்டு அந்தக் கட்டுக்குள்ளேயே இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். விசிறியையும் அந்தச் சந்தில் சாய்த்தபடியே வைத்திருக்கிறேன். புறப்பட்ட தேதிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதன் குறுக்கே மட்டும் நான் கோடு போடவில்லை.