முழுசாக ஒரு நிமிஷம்

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துவிட்டால், கூரை பெயர்ந்து தலையில் விழுந்தாலும் நர்ஸம்மா எழுந்திருக்க மாட்டார். முழுசாக ஒரு நிமிஷம் நாடியை எண்ணியாக வேண்டும். மற்றவர்கள் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். "பெருக்கித்தானே பல்லைப் பறிகொடுத்தேன்!" என்பார். மனநல வார்டில் சேர்ந்த புதிதில், அப்படிப் பெருக்கி 'அமைதியாக இருக்கிறார்' என்று அவர் எழுதிய ஆள், மை காய்வதற்குள் முகத்தில் குத்திவிட்டானாம். பறந்த பல் மூன்றாம் மாடிச் சுவரில் இன்னும் பதிந்திருக்கிறது என்று வார்டே சத்தியம் செய்யும்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாக அவர் படிப்பதெல்லாம் உடம்பைத்தான். மூச்சு, வேர்வை, தாடை இறுக்கம், விரல் மடங்கும் விதம். வீட்டுக்காரர் முறைத்தால்கூட முதலில் அவர் நாடியைப் பிடித்துவிடுவார். பாவம், மனுஷர் கோபப்படுவதையே விட்டுவிட்டார்.

அன்று காலை, வார்டில் சேர்ந்திருந்த லாரிக்காரர் ஒருவர் சாப்பாட்டுத் தட்டை ஜன்னலில் வீசிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். வாசலை அடைக்கிற ஆகிருதி. புதிதாக வந்த சின்ன டாக்டர், "கட்டிலோட சேர்த்துக் கட்டுங்க!" என்றார். கட்டிப்போட்டவரை ஒரு வாரத்துக்கு யாரும் பார்க்க முடியாது. ஐந்து மாதம் கழித்து அவர் மகள் பார்க்க வருவது அன்று மத்தியானம்தான்.

நர்ஸம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கையக் குடுங்கண்ணே."

"தொட்டா அடிச்சிருவேன்!"

"தாராளமா அடிங்க. ஒரு நிமிஷம் கழிச்சு."

நூற்றிருபது.

"டாக்டர், அடிக்கிற கைன்னா விரல் மடங்கியிருக்கும். இவருக்கு விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கு, உதடு நடுங்குது. இந்த உடம்பு பயந்துபோயிருக்கு."

"தள்ளுங்க சிஸ்டர்!"

"இன்னும் ஒரு நிமிஷம்."

லாரிக்காரரின் குரல் இறங்கியது. "என்னைப் பாத்து அவ பயந்துட்டா என்னம்மா பண்றது?"

நர்ஸம்மா வாயைத் திறக்கவில்லை, எண்ணிக்கை தப்பிவிடும். ஆனால் கையை விடவும் இல்லை. நூற்றிநாலு. மூன்றாவது நிமிஷத்தில், கட்டும் பட்டையோடு நின்ற உதவியாளர்களே மூச்சை அடக்கிக்கொண்டார்கள். தொண்ணூறு.

"சரி சரி, பட்டையை உள்ள வைங்க! பொண்ணு வரட்டும். ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு, சிஸ்டர்!" டாக்டரின் குரல் கீச்சிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

நர்ஸம்மா லாரிக்காரரின் கையை அவர் மடியிலேயே பத்திரமாக வைத்தார். எழுந்துபோய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.