தள்ளிவிடும் வேலை

தள்ளுவதற்கு முன் வசந்தா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலுகாலின் விலாவில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையில் வெறும் பாதத்தால் ஓர் உதை. அது ஒரு பக்கமாகச் சாயும். கால்களை அவசர அவசரமாக மாற்றி வைத்து, சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே நிமிர்ந்துவிடும். உடனே வசந்தா குனிந்து, உதைத்த இடத்தை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்கப்புறம்தான் நோட்டில் எழுதுவார்: 'வலது பக்கம். நடு விலா. பலமா. நாலு அடி வச்சுது. வுழல.'

"காலு பட்டா தொட்டுக் கும்புடணும் இல்ல? அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே" என்பார், யாராவது சிரித்தால்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அவருக்கு வேலை. அங்கே கன்றுக்குட்டி உயரத்தில், நாலு காலில் நடக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்குகிறார்கள். ரசாயனத் தொட்டிகளுக்கு நடுவே, மனிதர்கள் போகக்கூடாத இடங்களில் நடந்து, எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டிய எந்திரம். அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. கொட்டகையில் எல்லோருக்கும் அது நாலுகால்தான். அதைத் தள்ளிவிட்டு, விழுந்தால் தூக்கி நிறுத்தி, எப்படி விழுந்தது என்று எழுதிவைப்பது வசந்தாவின் வேலை.

முத்தியால்பேட்டையில் அவர் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் கூப்பிடும். சாயங்காலம் வசந்தா படியேறும்போது அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்பார்: "இன்னிக்கு எத்தினி வாட்டி வுழுந்துச்சு?"

"மூணு வாட்டி."

"போன வாரம் தெனம் ஒம்போது. பரவால்ல, தேறுது."

இந்த வேலைக்கு வசந்தா மனுப் போட்டு வரவில்லை. கூட்டிப் பெருக்கத்தான் அந்தக் கொட்டகையில் சேர்ந்தார். ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் டக்டக் சத்தம் கேட்டது. திரும்பிய வேகத்தில் துடைப்பக் கட்டையால் ஒரு இடி இடித்துவிட்டார். நாலுகால் மல்லாந்து விழுந்தது. எதையோ உடைத்துவிட்டோம் என்று அவர் துடைப்பத்தைக் கீழே போட, பொறியாளர் வினோத்குமார் ஓடிவந்து, "அக்கா, எப்டி தள்ளுனீங்க? இன்னொரு வாட்டி அதே மாதிரி தள்ளுங்க!" என்றான். எந்திரத்துக்கு நடை பழக்கும் நான்கு பேரும் மாதக்கணக்கில் அதைத் தள்ளிப் பார்த்திருந்தார்கள். ஆனால் நான்கு பேரும் ஒரே மாதிரி தள்ளினார்கள். அந்தத் தள்ளலுக்கு விழாமல் இருக்க அது பழகிவிட்டது. பதறிப்போன ஒரு பெண்ணின் துடைப்பக் கட்டையை அது அதுவரை கண்டதில்லை.

மறுநாளே துடைப்பம் வேறு கைக்குப் போனது. வசந்தாவிடம் நோட்டுப் புத்தகம் வந்தது.

அவர் பிறந்தது பாகூர்ப் பக்கம், மாடு கன்று உள்ள வீடு. அதனால் நாலு கால் விஷயத்தில் அவருக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்த் தரையில் இந்த எந்திரம் நாற்பது லட்சம் தடவை விழுந்து எழுந்துதான் நடக்கக் கற்றுக்கொண்டது என்று வினோத் பெருமையாகச் சொன்னபோது, வசந்தா டிபன் பாக்ஸை மூடிவிட்டு யோசித்தார்.

"நாப்பது லட்சமா? எங்கூட்டு கன்னுக்குட்டி பொறந்து ஒரு மணி நேரத்துல எழுந்து நின்னுடும் தம்பி. ரெண்டு வாட்டி வுழும், மூணாவது வாட்டி மடிக்கிட்ட போயிடும். அதை யாரு ஒக்காந்து நாப்பது லட்சம் வாட்டி தள்ளுனாங்க?"

"அதோட அம்மா, அதோட அம்மாவோட அம்மான்னு எல்லாம் சேந்து வுழுந்திருக்கும்கா. அந்தக் கணக்கு அது ஒடம்புலயே இருக்குது."

"அப்டி சொல்லு. அப்ப இது தாயில்லா புள்ள" என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போகிற வழியில் நாலுகாலின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

வினோத்திடம் அவர் சொல்லாத கணக்கு ஒன்றும் இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவருக்கு, நின்றுபோயிருந்த மின்விசிறி சுற்றியது, சுவர் சுற்றியது, தரை எழுந்து முகத்துக்கு வந்தது. ஒரு மாதம் குளியலறைக்குத் தவழ்ந்துதான் போனார். அப்போது அவர் சோப்பு பேக்கிங் கம்பெனியில் இருந்தார். ஓடும் பட்டையைப் பார்த்தாலே குமட்டியதால் அந்த வேலை போயிற்று. டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார்: "காதுக்குள்ள நிலை சொல்ற நரம்பு கெட்டுப்போச்சும்மா. அது திரும்பாது. ஆனா மூளை வேற வழி கண்டுபுடிச்சுக்கும்."

அந்த வேறு வழியை வசந்தா வீட்டு மொட்டைமாடியில் கண்டுபிடித்தார். துணிக்கொடிகளுக்கு நடுவே, வெயிலேறும் முன், கையை விரித்துக்கொண்டு நடந்தார். கணவர் ஜானகிராமன் ஆட்டோ எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பின்னாலேயே நடப்பார், தொடாமல். காது செய்த வேலையைக் கண்ணும் பாதமும் பங்கு போட்டுக்கொள்ள ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் மட்டும் சிக்கல். இருட்டில் கண் போய்விடும். ஈரத்தில் பாதம் ஏமாற்றிவிடும்.

கொட்டகையில் யாரிடமும் இதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "தள்ளிவுடற பொம்பளையே தள்ளாடுறான்னு சிரிப்பாங்க" என்றார் கணவரிடம். பயம் சிரிப்புக்கு மட்டுமல்ல; ஏற்கெனவே ஒரு வேலை போயிருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் நாலுகாலின் மானம் போகத் தொடங்கியது. கொட்டகையின் பின்பகுதியில் லாரிச் சரக்கு ஏற்றியிறக்கும் சாய்தளம் ஒன்று இருக்கிறது. கூரை ஒழுகி அதில் பாசி படர்ந்திருந்தது. காய்ந்த தரையில் எந்த உதைக்கும் அசராத எந்திரம் அங்கே ஐந்தாவது அடியில் கால் பரப்பி விழுந்தது. பத்து நாளில் சென்னையிலிருந்து ஒரு ரசாயனக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் நாலுகாலை மூடிவைத்துவிட்டுப் பழையபடி மோட்டார் பாகம் செய்யப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

பதினோராவது தடவை அதைத் தூக்கி நிறுத்தியபோது வசந்தா கேட்டார்: "இது ஏன் தம்பி இப்டி வெறச்சுக்குது?"

"சாஞ்சா மார்க் கொறையும்கா. கம்ப்யூட்டர்ல அப்டித்தான் சொல்லிக் குடுத்திருக்கோம். அதான் நேரா நிக்கப் பாக்குது."

"அதான் வுழுது. வழுக்குற எடத்துல ஒடம்ப ஆட வுடணும். இரு."

வசந்தா சாய்தளத்தில் இறங்கி நடந்து காட்டினார். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், கைகள் ஒரு பக்கமாகப் போய்வந்தன. பார்க்க அழகாகவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பாதமும் தரையில் பட்ட பிறகு ஒரு கணம் தாமதித்தது. "வச்சுட்டு கேக்கணும். தரை சரின்னு சொன்னா தான் மிச்ச வெயிட்ட குடுக்கணும்." வினோத் அதை மூன்று தடவை செல்போனில் படம் பிடித்தான். இது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை, வசந்தாவும் சொல்லவில்லை.

சாய்ந்தால் வெட்டும் மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்தான். பொய்த் தரையில் வழுக்கல் அடிக்கு அடி மாறும்படி செய்தான். இரண்டு நாள் கம்ப்யூட்டர் ஓடியது. மூன்றாம் நாள் நாலுகால் சாய்தளத்தில் அப்படியும் இப்படியுமாக ஆடிக்கொண்டே இறங்கியது, விழவில்லை.

"என்னாக்கா, சாராயம் குடிச்ச மாதிரி நடக்குது?"

"அதனால என்னா? நம்மூர்ல தெனம் சாயங்காலம் பாக்குறது தான. வூடு போய் சேந்துடறாங்க இல்ல?"

அதிகாரி வந்த நாளில் மழை ஊற்றியது. பூர்ணிமா என்று பெயர், அதிகம் பேசாதவர். சாரல் அடிக்காமலிருக்க ஷட்டர்களை இறக்கிவிட்டு, விளக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். வசந்தா சாய்தளத்தின் நடுவில் நின்று தள்ளினார். நாலுகால் ஆடி, சமாளித்து, மேலே ஏறியது. பூர்ணிமா முதல்முறையாகத் தலையசைத்தார். வசந்தா இரண்டாம் உதையை உதைத்துவிட்டுக் காலைக் கீழே வைத்த நொடியில் கரண்ட் போயிற்று.

முற்பகல் பதினொரு மணிக்குக் கொட்டகை கிணறு மாதிரி இருண்டது. வசந்தாவுக்குச் சாய்தளம் இல்லாமல் போனது. மேலும் கீழும் இல்லாமல் போயின. பாதத்துக்கடியில் பாசி நழுவியது. மழைச் சத்தத்துக்குள் நாலுகாலின் டக்டக் மட்டும் அவரைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. முழங்காலை மடக்கினார். கையைக் கீழே ஊன்றினார். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே டக்டக் சத்தம் வேகமெடுத்தது, தாறுமாறானது. தடாலென்று ஒரு சத்தம்.

செல்போன் வெளிச்சங்கள் வந்தன. சாய்தளத்தின் உச்சியில் எண்ணெய் கலந்த நீர் தேங்கிய இடத்தில் காலை வைத்து, நிற்க முயன்று முயன்று, நாலுகால் விளிம்பைத் தாண்டி விழுந்திருந்தது. மல்லாந்தபடி இன்னும் காற்றில் நடந்துகொண்டிருந்தது. சாய்தளத்தின் நடுவில் வசந்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விழுந்துட்டீங்களாம்மா?" என்று பூர்ணிமா ஓடிவந்தார்.

"இல்ல மேடம். ஒக்காந்தேன்."

"எதுக்கு?"

வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். வசந்தா வினோத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, காய்ச்சலில் தொடங்கி மொட்டைமாடி வரை எல்லாவற்றையும் சொன்னார், எழுந்திருக்காமலே. சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

பூர்ணிமா விழுந்து கிடந்த எந்திரத்தின் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினார். "இதுக்கு உட்காரத் தெரியுமா?"

வினோத் முன்னால் வந்தான். "தெரியாது மேடம். நிக்கறதுக்குத்தான் மார்க் குடுத்திருக்கோம்."

"எங்க யார்டுல இது உருண்டா ஒரு பைப் உடையும். நடக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முடியாதுன்னு தெரிஞ்சா உட்கார்ற மிஷின்தான் எனக்கு வேணும். ஒரு மாசம் கழிச்சு வர்றேன்."

அவர் போன பிறகு வினோத் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலைக்கு வச்சிருப்பியா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "தெரியலக்கா" என்றான். நேர்மையான பதில், வசந்தாவுக்கு அது பிடித்திருந்தது. பிறகு அவன் கேட்டான்: "இப்ப ஒக்காரணும்னு எப்டி தெரிஞ்சுது?"

"கேட்டேன். தரை பதில் சொல்லல. அவ்ளோ தான்."

அந்த ஒரு மாதமும் வசந்தாதான் கொட்டகையின் முக்கியஸ்தர். எந்த நொடியில் உடம்பு நம்பிக்கையை விடுகிறது என்று அறிய, அவரைக் கண்ணைக் கட்டி மெத்தையில் நடக்கவைத்து, கணுக்காலில் பட்டை மாட்டிப் பதிவு செய்தார்கள். அவர் நடந்தபோது வினோத் பின்னாலேயே கை நீட்டிக்கொண்டு வந்தான். உட்கார்ந்தால் மதிப்பெண் என்று சொல்லிக்கொடுத்ததும் நாலுகால் புது வித்தை காட்டியது: எங்கே விட்டாலும், காய்ந்த தரையிலும், முதல் வேலையாக உட்கார்ந்துகொண்டது. "என்னா தம்பி, கவருமெண்ட்டு வேல கெடச்சிடுச்சா அதுக்கு?" என்றார் வசந்தா. மதிப்பெண்ணைத் திருத்தித் திருத்தி, இருபத்தாறாவது நாளில்தான் அதற்கு எது சோம்பல், எது நிதானம் என்று பிடிபட்டது. பூர்ணிமா வந்தார், தானே நான்கு தடவை தள்ளிப் பார்த்தார், சோதனைக்கு இரண்டு எந்திரம் கேட்டுவிட்டுப் போனார்.

போன வியாழக்கிழமை வாசல் முற்றத்தில் புதிய எந்திரத்துக்கு முதல் நடை. இரவு பெய்த மழையில் செம்மண் குழைந்திருந்தது. வசந்தா நான்கு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் மூடிக்குப் பக்கத்தில் எந்திரம் முன்னங்காலை வைத்தது, எடுத்தது, சற்றுத் தள்ளி வைத்தது, மறுபடி எடுத்தது. உடம்பு ஒருமுறை ஆடியது. பிறகு நாலு காலையும் மெதுவாக மடக்கி, வயிறு மண்ணில் பட உட்கார்ந்தது.

அதை எழுப்ப, பின்னால் நின்ற வினோத்தின் கட்டைவிரல் ரிமோட்டின் பொத்தானுக்குப் போனது. வசந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பக்கமாக இடது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.