ஏசிக்குள் காய்த்த மிளகு

1. மார்ச் மாத மதியம், எங்கள் மலைக் காட்டேஜில் போட்ட சற்று நேரத்திலேயே ஏசி நின்றது.
2. சென்னையிலிருந்து வந்திருந்த ஐந்து பேரும் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். காட்டேஜ் திறந்தபின் எங்களிடம் வந்த முதல் குடும்பம் அது.
3. கெபாசிட்டர் போயிருக்கும் என்று, இன்ஜினியரிங் படித்த நான், மெக்கானிக்குக்குப் போனில் உறுதியாகச் சொன்னேன்.
4. மஞ்சக்குட்டை ஊரிலிருந்து அவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஊரையே குளிர வைக்கும் அந்த மனிதர் வெயிலிலும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். வேலை நடக்கும் இடத்தில் யாரையும் சும்மா நிற்க விடமாட்டார். முறைத்துக்கொண்டு நின்ற குடும்பத் தலைவரிடம் டார்ச்சையும், அவர் மனைவியிடம் ஸ்க்ரூக்களையும் கொடுத்துவிட்டு, வெளியே இருந்த யூனிட்டைத் திறந்தார். உள்ளே விசிறியைச் சுற்றி மிளகுக்கொடி. குளிர்காலம் முழுக்க ஏசி ஓடாததால் நிம்மதியாகப் படர்ந்திருந்தது.

“கெபாசிட்டரு நொம்பப் பச்சையா இருக்குதுங்க,” என்றார் என்னிடம்.

நான் கத்தரிக்கோலை நீட்டினேன். “வெட்டிடலாமுங்க.”

“ஏங்கண்ணு, காய் புடிச்சிருக்குது. வெட்ட மனசு வருமா? பிரிச்சே எடுத்துடலாம்.”

“அதுக்குள்ள அவங்க கெளம்பிடுவாங்க!”

“எங்க போவாங்க? டார்ச்சு அவரு கையிலதான இருக்குது.”

ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து கொடியை இலை இலையாகப் பிரித்தோம். “மெதுவா, காய் உதிருது!” என்று குடும்பத் தலைவர் எங்களை அதட்டினார். விசிறி சுற்றியதும் ஐந்து பேரும் கைதட்டிக் கூச்சலிட்டார்கள்.

மெக்கானிக் காப்பாற்ற நினைத்தது கொடியையா, என் விருந்தினர்களையா என்று இன்னும் தெரியவில்லை. கொடி இப்போது பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பம் மூன்று நாளும் தங்கிவிட்டுத்தான் போனது.